உங்கள் பேச்சைப் போன் எவ்வளவு சரியாக எழுதுகிறது? நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி

பாளையங்கோட்டையில் தட்டச்சு வேலை செய்கிறேன். மனு, விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை வாசகம், ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் கையெழுத்துப் பிரதி என்று நாள் முழுக்கத் தமிழ்தான். கடைக்கு வருகிறவர்கள் இப்போது அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: "அக்கா, போன்ல பேசினாலே அதுவா எழுதிடுதாமே, நல்லா இருக்கா?"

யார் பேசுகிறார்கள், எதை எழுதுகிறார்கள், எங்கே உட்கார்ந்து பேசுகிறார்கள் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. எனக்குச் சரியாக எழுதும் அதே போன், வீரவநல்லூரில் இருக்கும் என் அத்தைக்கு வேறு மாதிரி எழுதுகிறது. ஊர் ஊராக விசாரிப்பதைவிட, அரை மணி நேரம் ஒதுக்கி உங்கள் குரலில் நீங்களே அளந்து பார்ப்பது நல்லது. அதற்கான முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். கணினிப் படிப்பு தேவையில்லை. கூட்டல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

என்னென்ன வேண்டும்

ஆண்ட்ராய்டு போன் என்றால் கூகுளின் ஜீபோர்டு கீபோர்டில் தமிழைச் சேர்த்துக்கொண்டு மைக் படத்தைத் தொட்டால் போதும். ஜீபோர்டில் தமிழ்க் குரல் தட்டச்சு 2017லிருந்து இருக்கிறது. கணினியில் குரோம் உலாவியில் கூகுள் டாக்ஸைத் திறந்து, கருவிகள் பட்டியலில் குரல் தட்டச்சைத் தேர்ந்தெடுங்கள். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் அது வரும். மொழிப் பட்டியலில் தமிழ் நான்கு இடத்தில் இருக்கும்: இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர். நமக்கு இந்தியா. மொழி ஆங்கிலத்தில் நிற்கும்போது தமிழில் பேசிவிட்டு, "இது ஒண்ணும் வேலைக்கு ஆகாது" என்று விட்டுவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதை முதலில் பார்த்துவிடுங்கள்.

இன்னொரு போனில் ஸ்டாப்வாட்ச், ஒரு நோட்டு, ஒரு சிவப்புப் பேனா. மைக் உள்ள கம்பி இயர்போன் இருந்தால் எடுத்து வையுங்கள். புளூடூத் இயர்போன் வேண்டாம் என்றே சொல்வேன். அதன் மைக்கைப் பயன்படுத்தும்போது பெரும்பாலானவை தொலைபேசி அழைப்புக்கான தரத்துக்கு இறங்கிவிடும். பாட்டுக் கேட்க நன்றாக இருக்கும் இயர்போனிலும், நம் குரல் அந்தப் பக்கம் மங்கலாகத்தான் போகும்.

எதை வாசிப்பது

எல்லாருக்கும் தெரிந்த செய்யுளையோ பாட்டையோ வாசித்துச் சோதிக்காதீர்கள். இந்த மென்பொருள் காதில் விழுந்த ஒலியை மட்டும் வைத்து எழுதுவதில்லை. இந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்றும் கணிக்கிறது. ஏற்கெனவே ஆயிரம் இடத்தில் எழுதப்பட்ட வரி என்றால், நீங்கள் பாதியை முழுங்கினாலும் மீதியை அதுவே சரியாகப் போட்டுவிட வாய்ப்பு உண்டு. அந்த மதிப்பெண் உங்களுடையது ஆகாது.

நீங்களே புதிதாக ஒரு பத்தி எழுதுங்கள். உங்கள் பக்கத்து ஊர்ப் பெயர், ஒரு தொகை, ஒரு தொழிற்சொல், ஒருவர் பேசும் ஒரு வரி அதில் வரட்டும். நான் வைத்திருக்கும் பத்தி இது. எண்ணிப் பார்த்தால் சரியாக 40 சொல்:

"பத்தமடையில் இருந்து சேரன்மகாதேவி வழியாக அம்பாசமுத்திரம் போகும் பேருந்தில் ஏறினேன். ஜன்னல் ஓரத்தில் ஒரு பாட்டி மடியில் பாய்க்கட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோரைப்புல்லை ஊறவைத்துக் கீறிச் சாயம் ஏற்றி நெய்த பாய் அது. விலை கேட்டேன். ஆயிரத்து இருநூறு ரூபாய், கல்யாணத்துக்குச் சொன்னது என்றார். வீரவநல்லூர் நிறுத்தத்தில் அவர் இறங்கியபோது மழை லேசாகத் தூறத் தொடங்கியிருந்தது."

இதைத் தாளில் எழுதி, ஒரு முறை வாய்விட்டு வாசித்துப் பழகிக்கொள்ளுங்கள். அதற்குமேல் பழக வேண்டாம். பிறகு ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, உங்கள் வழக்கமான வேகத்தில் போனிடம் வாசியுங்கள். நடுவில் திரையைப் பார்க்காதீர்கள். தப்பாக எழுதுவது கண்ணில் பட்டால் வாய் தடுமாறும், அல்லது நிறுத்தி நிறுத்திப் பேசத் தோன்றும். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தால் மைக் தானாக நின்றுவிடுவதும் உண்டு. முடிந்ததும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, போன் எழுதியதை ஒரு எழுத்தும் மாற்றாமல் பிரதி எடுத்து வையுங்கள்.

பிழையை எண்ணுவது

ஃபேன் ஓடும் அறையில், ஜன்னல் திறந்திருக்க, நான் ஒரு நாள் வாசித்தபோது என் போன் எழுதியது இது:

"பத்தமடையில் இருந்து சேரன்மாதேவி வழியாக அம்பாசமுத்திரம் போகும் பேருந்தில் ஏறினேன் ஜன்னல் ஓரத்தில் ஒரு பாட்டி மடியில் பாய் கட்டை வைத்துக் கொண்டு உட்கார்ந்திருந்தார் குறைபுல்லை ஊற வைத்து கீரை சாயம் ஏற்றி நெய்த பாய் விலை கேட்டேன் 1200 ரூபாய் கல்யாணத்துக்கு சொன்னது என்றார் வீரவநல்லூர் நிறுத்தத்தில் அவர் இறங்கிய போது மலை லேசாக தூற தொடங்கியிருந்தது"

உலகம் முழுக்க இதற்கு வழக்கமான கணக்கு ஒன்று உண்டு. மாறிப்போன சொல், விட்டுப்போன சொல், கூடுதலாக நுழைந்த சொல் மூன்றையும் கூட்டுங்கள். அதை மூலப் பத்தியின் சொல் எண்ணிக்கையால் வகுத்து நூறால் பெருக்குங்கள். அதுதான் சொற்பிழை விகிதம். நுழைந்த சொல்லும் சேர்வதால், மோசமான பதிவில் இது நூற்றைத் தாண்டவும் செய்யும்.

தமிழுக்கு இந்தக் கணக்கை அப்படியே போட்டால் என்ன ஆகிறது என்று பாருங்கள். "பாய்க்கட்டை" என்பதை "பாய் கட்டை" என்று பிரித்துவிட்டது. படிக்கிறவருக்குப் பெரிய இடைஞ்சல் இல்லை. கணக்கிலோ ஒரு சொல் மாறியது, ஒரு சொல் நுழைந்தது என்று இரண்டு பிழை. இப்படிப் பிரிந்தவை நான்கு, ஆகவே 8 பிழை. "கல்யாணத்துக்கு", "லேசாக", "தூற" மூன்றிலும் ஒற்று விட்டுப்போயிருக்கிறது, 3 பிழை. "ஆயிரத்து இருநூறு" என்ற இரண்டு சொல் "1200" ஆனதில் 2 பிழை. உண்மையான தப்பு 5தான். மொத்தம் 18. நாற்பதுக்குப் பதினெட்டு என்றால் 45 விழுக்காடு.

அந்த ஐந்தை மட்டும் எண்ணினால் 12.5 விழுக்காடு. ஒரே தாள், ஒரே குரல், இரண்டு மதிப்பெண். அதனால் யாராவது "இந்தச் செயலி தமிழில் இத்தனை விழுக்காடு சரி" என்று சொன்னால், இடைவெளியையும் ஒற்றையும் சேர்த்தா விட்டா என்று கேளுங்கள். நமது மொழியில் சொல்லோடு சொல் ஒட்டும்; எங்கே ஒட்ட வேண்டும், எங்கே பிரிக்க வேண்டும் என்பதில் நன்றாக எழுதுகிறவர்களுக்குள்ளேயே வேறுபாடு உண்டு.

நான் நோட்டில் மூன்று கட்டம் போடுகிறேன். பொருள் கெடுக்கும் பிழை முதல் கட்டம், இடைவெளியும் ஒற்றும் இரண்டாவது, எண் எழுதும் முறை மூன்றாவது. முதல் கட்டத்தை மட்டும் சிவப்புப் பேனாவால் வட்டமிடுங்கள்.

என் தாளில் வட்டமிட்ட ஐந்தையும் சற்றுக் கிட்டத்தில் பார்ப்போம். சேரன்மகாதேவி "சேரன்மாதேவி" ஆகியிருக்கிறது. பேச்சில் நாமே அப்படித்தான் சொல்கிறோம், ஆனால் மனுவில் அது நிற்காது. கோரை "குறை" ஆனது, மழை "மலை" ஆனது. இவை இரண்டும் உடனே கண்ணில் பட்டுவிடும். "கீறி" என்பது "கீரை" ஆகி, "கீரை சாயம் ஏற்றி" என்று வந்திருப்பதைப் பாருங்கள். பத்தமடைப் பாயைப் பற்றித் தெரியாத ஒருவர், கீரையில் சாயம் எடுப்பார்கள் போலிருக்கிறது என்று நம்பிவிடுவார். ஐந்தாவது இன்னும் மோசம். "பாய் அது. விலை கேட்டேன்" என்பதில் "அது" போய்விட்டதால், "நெய்த பாய் விலை கேட்டேன்" என்று வழுக்கிக்கொண்டு படிக்க வருகிறது. நானே முதல் வாசிப்பில் இதைத் தவறவிட்டேன். பிழைகளில் இதற்குத்தான் பயப்பட வேண்டும், ஏனென்றால் பழைய தட்டச்சுப் பிழை போல இது எழுத்து சிதைந்து நிற்பதில்லை. நல்ல சொல்லாகவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சொல்லுக்குச் சொல் விரல் வைத்து ஒப்பிடுங்கள்.

புள்ளியும் காற்புள்ளியும் வரவே இல்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். அதை நான் பிழையில் சேர்ப்பதில்லை, திருத்தும் நேரத்தில் சேர்க்கிறேன்.

வேகம் என்றால் எது

அந்த 40 சொல்லை வாசிக்க எனக்கு 32 நொடி ஆனது. நிமிடத்துக்கு 75 சொல். கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் அந்தத் தாளைப் பத்திரிகைக்குக் கொடுக்கிற அளவுக்குத் திருத்த 108 நொடி ஆனது. மொத்தம் 140 நொடி. நாற்பதை 140ஆல் வகுத்து அறுபதால் பெருக்கினால் நிமிடத்துக்கு 17 சொல். அதே பத்தியைக் கீபோர்டில் அடித்துத் திருத்தி முடிக்க எனக்கு 96 நொடி போதும், அதாவது 25 சொல். எனக்கு, இந்த வேலைக்கு, கைதான் வேகம்.

அதே தாளை மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால்? வட்டமிட்ட ஐந்தை மட்டும் திருத்த 30 நொடி. மொத்தம் 62 நொடி, நிமிடத்துக்கு ஏறக்குறைய 39 சொல். இப்போது குரல் ஜெயிக்கிறது. போனில் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடிக்கும் என் அத்தைக்கு இந்தப் பத்தி 6 நிமிடம் பிடித்தது. அவருக்கு இரண்டு கணக்கிலும் குரல்தான் லாபம்.

நோட்டில் எழுத வேண்டிய வேகம் இதுதான்: சுத்தப் பிரதி கைக்கு வர எத்தனை நொடி. பேசி முடித்த நேரத்தை வைத்து யாரும் முடிவு எடுக்காதீர்கள்.

இன்னொன்று. ஆங்கிலத்தில் இத்தனை சொல் என்று சொல்லும் எண்ணோடு தமிழ் எண்ணை ஒப்பிட வேண்டாம். ஆங்கிலத் தட்டச்சு வேகத்தில் ஐந்து தட்டு ஒரு சொல் என்று கணக்கு. தமிழில் "உட்கார்ந்திருந்தார்" என்ற ஒரு சொல்லிலேயே 10 எழுத்து இருக்கிறது. அதையும் கணினியிடம் கொடுத்து எண்ணச் சொன்னால் 19 என்று சொல்லக்கூடும், ஏனென்றால் கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் மெய்ப்புள்ளிக்கும் கால், கொம்புக்கும் தனித்தனிக் குறியீடு. உங்கள் கணக்கை எப்போதும் தமிழோடு தமிழாக, முடிந்தால் அதே பத்தியோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

ஒரு முறை வாசித்து முடிவு கட்டாதீர்கள். மூன்று முறை வாசித்து நடுவில் நிற்கும் எண்ணை எடுங்கள்.

நம்ம பேச்சுக்கு ஒரு சோதனை

அத்தை முதல் நாள் போனைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "ஏளா, நான் நாளைக்கு வாரேன்னு சொல்லுதேன், இது நாளைக்கு வாரம்னு போடுது. நம்ம பேச்சு இதுக்கு வெளங்கலையா?"

விளங்கவில்லைதான். "சொல்லுதேன்", "வாரிய", "நிக்காவ" என்று வருவதெல்லாம் எழுத்தில் அதிகம் இல்லாதவை. மென்பொருள் எதைக் கேட்டுப் பழகியதோ அதைத்தான் எழுதும். இதற்காக யாரும் தங்கள் பேச்சை மட்டமாக நினைக்க வேண்டியதில்லை. அத்தையிடமும் அதைத்தான் சொன்னேன்.

சோதனையில் இதை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு முறை எழுத்துத் தமிழில் தயாரித்த பத்தியை வாசியுங்கள். அப்புறம் அதே விஷயத்தைத் தாளைப் பார்க்காமல், பக்கத்து வீட்டில் சொல்வது போல ஒரு நிமிடம் பேசுங்கள். இரண்டாவதற்கு மூலம் கையில் இருக்காது என்பதால், இன்னொரு போனில் ஒலிப்பதிவு செய்துகொண்டு, பிறகு கேட்டுக் கையால் எழுதிக்கொள்ள வேண்டும். கொஞ்சம் வேலைதான், ஆனால் அன்றாடம் நீங்கள் பேசப்போவது இந்த இரண்டாவது முறையில்தான். அத்தைக்கு முதல் வகையில் நாற்பதுக்கு ஆறு பொருள் பிழை, இரண்டாவதில் நாற்பதுக்குப் பதினேழு. "வருகிறேன்", "சொல்கிறேன்" என்று வினைச்சொல்லின் முடிவை மட்டும் எழுத்து வழக்குக்கு மாற்றியதில் பதினேழு ஒன்பதானது. மற்றதை அவர் மாற்றவில்லை, மாற்றச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

தெற்கே நம்மில் பலருக்கு ழகரம் ளகரமாகத்தான் வரும்: பளம், மளை. ர, ற இரண்டுக்கும், ன, ண இரண்டுக்கும் பேச்சில் பெரிய வித்தியாசம் காட்டுவதில்லை. இதைச் சோதிக்கத் தனிச் சொல்லைச் சொன்னால் பயனில்லை. "கரி" என்று மட்டும் சொன்னால் எது என்று மனிதருக்கே தெரியாது. வாக்கியமாகச் சொல்லுங்கள்: "மழை பெய்தால் மலை தெரியாது." "கறி வேகும் முன்னே அடுப்பில் கரி தீர்ந்தது." "வாழைத் தோப்பு ஓரம் ஓடையில் வாளை மீன் பிடித்தோம்." "பனி பெய்யும் காலையில் பணிக்குப் போனார்." நான்கு வாக்கியம், எட்டு இடம். எட்டில் எத்தனை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

பெயரும் எண்ணும்

மனு எழுதுகிறவர்கள் இதைத் தனியாகச் சோதிக்காமல் விடவே கூடாது. கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு மனு கொண்டுபோகிறவர்களில் பலர் அதிகாலையிலேயே பஸ் ஏறி வந்தவர்கள். ஒரு முறை, குரலில் எழுதிய மனு ஒன்றில் கிராமத்தின் பெயரில் ஓரெழுத்து மாறிப்போனதை நான் கவனிக்கவில்லை. அதை ஓர் அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்த அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போனது. அன்றிலிருந்து பெயரையும் எண்ணையும் நான் கையால்தான் அடிக்கிறேன்.

உங்களுக்கு அது எவ்வளவு தேவை என்று அறிய, இருபது பெயர் கொண்ட ஒரு பட்டியல் போடுங்கள். முன்னீர்பள்ளம், மேலச்செவல், மூலைக்கரைப்பட்டி, சிங்கிகுளம், திருக்குறுங்குடி, இடையன்குடி என்று உங்கள் சுற்றுவட்டாரப் பெயர்கள். கூடவே முதலெழுத்தோடு உங்கள் வீட்டு ஆட்களின் பெயர், ஒரு கதவு எண், ஒரு சர்வே எண், ஒரு தேதி. ஒவ்வொன்றையும் சிறு வாக்கியத்தில் வைத்துச் சொல்லுங்கள். இங்கே பாதிச் சரி என்று ஒன்று கிடையாது. ஓரெழுத்து மாறினாலும் பூஜ்யம்.

ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் இவற்றைச் சோதனைக்குக்கூடக் குரலில் சொல்லாதீர்கள். பெரும்பாலான சேவைகளில் நமது குரல் இணையம் வழியாக நிறுவனத்தின் கணினிக்குப் போய்த்தான் எழுத்தாகித் திரும்புகிறது. அப்படி அனுப்ப விருப்பம் இல்லாதவர்கள், ஓபன்ஏஐ நிறுவனம் 2022இல் வெளியிட்ட, பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் என்ற மென்பொருளைத் தங்கள் கணினியிலேயே, இணையம் இல்லாமல் ஓட்டலாம். அது தமிழும் எழுதும், புள்ளியும் தானே வைக்கும். அதன் சிறிய வடிவங்கள் தமிழில் தடுமாறும், பெரியவை ஓட நல்ல கணினி வேண்டும். அதைச் சோதிக்கும்போது மட்டும் நடுவில் இருபது நொடி சும்மா இருந்து பாருங்கள். யாரும் பேசாத இடத்தில் தானாக ஒரு வரியை இட்டுக்கட்டுவதோ, முன்வரியைத் திரும்பத் திரும்ப எழுதுவதோ அதன் வழக்கமான குறை.

இடம்

சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டுச் சோதிப்பதில் அர்த்தமில்லை, ஏனென்றால் அன்றாடம் நீங்கள் ஃபேனுக்கு அடியில்தான் பேசப்போகிறீர்கள். சத்தமில்லாத அறையில் ஒன்று, ஃபேன் ஓடும்போது ஒன்று, தெருப் பக்கம் ஒன்று என்று மூன்று இடத்தில் அதே பத்தியை வாசித்தால் போதும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேரே இருந்தால் "ப" வரும்போது மூச்சுக் காற்று மோதி இரையும். வள்ளியூர், பணகுடி பக்கம் ஆடிக் காற்றில் வெளியே நின்று பேசுகிறவர்கள், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று போனை நெஞ்சோடு மறைத்துப் பிடித்துப் பாருங்கள். என் தம்பிக்கு அதனால் மட்டும் பொருள் பிழை பாதியாகக் குறைந்தது.

நோட்டில் என்ன எழுதுவது

தேதி, எந்தப் போன், எந்தச் செயலி, எந்த இடம், எத்தனை சொல், மூன்று கட்டப் பிழைகள், பேசிய நொடி, திருத்திய நொடி. ஒரு சோதனைக்கு ஒரு வரி. இந்தச் சேவைகள் நமக்குச் சொல்லாமலேயே மாறிக்கொண்டிருக்கும். போன மாதம் "கீரை" என்று எழுதியது இந்த மாதம் "கீறி" என்று சரியாக எழுதலாம், சரியாக இருந்தது கெட்டும் போகலாம். அதனால் பத்தியை மாற்றாமல் வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதே இடத்தில் உட்கார்ந்து வாசியுங்கள்.

நம் பேச்சை இந்த இயந்திரங்களுக்குப் பழக்க வேண்டும் என்ற எண்ணம் உள்ளவர்கள், மொசில்லாவின் காமன் வாய்ஸ் தளத்தில் தமிழைத் தேர்ந்து, அவர்கள் தரும் வாக்கியங்களைத் தங்கள் குரலில் வாசித்துக் கொடுக்கலாம். யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், காசும் வேண்டாம். அத்தையை உட்காரவைத்துச் சில வாக்கியம் வாசிக்கச் சொன்னேன். மழையை அவர் "மளை" என்றுதான் வாசித்தார். அதை அப்படியே அனுப்பிவிட்டோம்.